அப்பா தூங்கும்போது வரைந்தவை

அந்த மூன்று மாதமும் வியாழக்கிழமை இரவுச் சோறு எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. மறுநாள் வெள்ளி. வெள்ளிக்கிழமை என்றால் வரைந்ததையெல்லாம் வகுப்புச் சுவரில் ஒட்ட வேண்டும். பதினான்கு பேரும் சுற்றி நிற்க, ஆசிரியை ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வருவார்.

எஸ்டிபிஎம் பரீட்சை எழுதி முடித்து, பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று காத்திருந்த காலம் அது. கலை, வடிவமைப்புப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன். அதற்கு நேர்முகத் தேர்வு உண்டு. சொந்தமாக வரைந்த படங்களை ஒரு கோப்பாகக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். என்னிடம் இருந்ததெல்லாம் தமிழ்ப்பள்ளியில் வாங்கிய வண்ணம் தீட்டும் போட்டிச் சான்றிதழ்களும், கோயில் திருவிழாப் பேனருக்கு வரைந்த இரண்டு மயில்களும்தான். அதனால் மலாக்கா டவுனில் ஒரு சின்னக் கல்லூரி நடத்திய அடிப்படை வகுப்பில் சேர்ந்தேன். வேறு நாடுகளில் இதைக் கோடைகால வகுப்பு என்பார்களாம். நமக்கு ஏது கோடை? வருஷம் பூராவும் காலையில் வெயில், சாயந்திரம் மழை.

முதல் வெள்ளிக்கிழமை நான் நம்பிக்கையோடு ஒட்டியது மயிலைத்தான். தோகையில் நூற்றுக்கும் மேல் கண்கள். எங்கள் கோயில் தலைவரே பாராட்டிய மயில். ஆசிரியை சீனப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும். எப்போதும் வாயில் ஒரு அசாம்போய் மிட்டாயை ஒதுக்கி வைத்திருப்பார். மயிலின் முன்னால் நின்று, "நீ மயிலப் பாத்திருக்கியா?" என்று மலாயில் கேட்டார்.

"இல்ல."

"அப்புறம்?" என்று கேட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

எங்கள் ஊர் செலண்டாரில் மயிலுக்கு எங்கே போவேன்? எங்கள் தாமான் குடியிருப்பைச் சுற்றி இருப்பது எண்ணெய் எடுக்கும் செம்பனை மரமும், அந்த மரத்தடியில் ஓடும் உடும்பும்தான். திரும்பி வரும் பஸ்ஸில் நாற்பது நிமிஷமும் ஒரே யோசனை. வரைய வரும் என்று ஊரே சொன்னது. ஊருக்கு என்ன தெரியும், இவருக்கல்லவா தெரியும் என்று தோன்றத் தோன்றப் பயம் கூடியது. அன்றிலிருந்துதான் எனக்கு வியாழக்கிழமைச் சோறு இறங்காமல் போனது.

நான்காவது வாரம் பெரிய வேலை ஒன்று கொடுத்தார்கள். உங்கள் வீட்டில் இருக்கும் ஒருவரைத் தினமும் வரைய வேண்டும். போட்டோவைப் பார்த்து வரையக்கூடாது, ஆளைப் பார்த்துத்தான் வரைய வேண்டும். தாளின் மூலையில் அன்றைய தேதி போட வேண்டும். இப்படி எட்டு வாரம். கடைசியில் பெற்றோரை அழைத்துக் கண்காட்சி. நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் அதையே கொண்டுபோகலாம்.

எங்கள் வீட்டில் அப்போது இருந்தது மூன்றே பேர். அண்ணன் ஜொகூரில் வேலை பார்த்தான். அம்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை; அவரை வரைவதென்றால் ஓடிக்கொண்டேதான் வரைய வேண்டும். மிச்சம் அப்பா. செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். விடிவதற்கு முன்பே கிளம்பி நியாலாஸ், ஜாசின் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆலைக்குக் குலை ஏற்றிக் கொண்டுபோவார். மத்தியானம் இரண்டு மணிக்கு வந்து, சாப்பிட்டு, ஹாலில் பாயை விரித்து, டிவியைப் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவார். டிவியை நிறுத்தினால் மட்டும் உடனே விழித்துக்கொண்டு, "பாத்துக்கிட்டு இருக்கேன்ல" என்பார்.

"என்னையா வரையப் போற?" என்று சிரித்தார். "இந்த மூஞ்சிய வரைஞ்சா யுனிவர்சிட்டில சீட்டு குடுத்துருவாங்களா? வாசல்ல நிக்கிற லாரிய வரைலா."

"ஆளத்தான்பா வரையணும்."

"என்னமோ பண்ணு. ஆனா பாப்பா, நான் உசுரோட இருக்கறப்பவே என் படத்த செவுத்துல மாட்டிறாத."

விளையாட்டாகத்தான் சொன்னார். எங்கள் ஹால் சுவரில் இரண்டு படங்கள் தொங்கின. ஒன்று தாத்தா, இன்னொன்று பெரியப்பா. இரண்டுக்கும் குங்குமப் பொட்டு, பிளாஸ்டிக் மாலை, கீழே ஒரு குட்டிச் சிவப்பு பல்பு. பெரியப்பாவும் லாரிதான் ஓட்டினார். ஆலை வாசலில் வரிசையில் நின்றிருந்த லாரிக்குள்ளேயே, சீட்டில் உட்கார்ந்தபடியே, நெஞ்சு அடைத்துப் போய்விட்டார். பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிய பிறகுதான் தெரிந்ததாம். அப்போது அவருக்கு இன்று அப்பாவுக்கு இருக்கும் வயதுகூட இல்லை.

நான் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, கரித்துண்டால் அப்பாவை வரைய ஆரம்பித்தேன். முதல் வாரம் வந்ததெல்லாம் அரிசி மூட்டைக்குக் கைலி கட்டிவிட்டது போல இருந்தது. ஆனால் பார்க்கப் பார்க்க, பத்தொன்பது வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும் நான் அவரைப் பார்த்ததில்லை என்று தெரிந்தது. லாரி ஜன்னல் பக்கம் இருக்கும் வலது கை வெயிலில் கறுத்து, இடது கை வேறு யாருடையதோ போல வெளுத்திருந்தது. பனியனில் தோள்பட்டை அருகே இரண்டு ஓட்டை. வலது குதிகால் மட்டும் தடித்திருந்தது. எல்லாவற்றையும் போட்டேன்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "தூங்குற மனுசன அப்படி முழுங்கற மாதிரி பாக்காதடி. கண்ணு பட்ரும்" என்றார். தூங்குகிற பிள்ளையைப் பெற்ற தாயே ரசிக்கக்கூடாது என்பார்கள், இவரோ புருஷன். ஞாயிற்றுக்கிழமைதோறும் உப்பும் மிளகாயும் எடுத்து அப்பாவை மூன்று சுற்று சுற்றி அடுப்பில் போட்டார். "இந்தப் பொண்ணு வரைய வரைய எனக்கு மொளகாதான் காலியாவுது" என்று முணுமுணுத்தார். அப்பா இருமிக்கொண்டே சிரித்தார்.

வரைய ஆரம்பித்த இரண்டாவது வாரத்தில் ஒருநாள் அப்பா தூக்கத்தில் வலது கையை எடுத்துத் தன் நெஞ்சின் இடது பக்கத்தில் வைத்துக்கொண்டார். வெள்ளைப் பனியன்மேல் அந்தக் கறுத்த கை. தாளில் போட்டதும் படம் எழுந்து உட்கார்ந்தது. அந்த வெள்ளிக்கிழமை ஆசிரியை என் படத்தின் முன் நின்று, மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றி, "ம்ம், இது" என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு. எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கைக்காகவே காத்திருந்தேன். சில நாள் அது தலைக்கு மேலேயோ பக்கவாட்டிலோ கிடக்கும். அப்போது கரித்துண்டைக் கீழே வைத்துவிட்டு, கை நெஞ்சுக்கு வரட்டும் என்று உட்கார்ந்திருப்பேன். அது எப்படியும் வந்துவிடும். இதை எழுதவே எனக்குக் கூசுகிறது. ஆனால் நடந்தது அதுதான்.

வகுப்பில் சேர்ந்து எட்டாவது வார வெள்ளிக்கிழமை. அதுவரை வரைந்த இருபத்தாறு படங்களையும் தேதி வரிசையில் ஒட்டினேன். எனக்குப் பக்கத்தில் நின்றவள் மெர்லிமாவிலிருந்து வந்த மலாய்த் தோழி. வகுப்பில் எனக்கு இருந்த ஒரே துணை அவள்தான். அவள் என் விலாவில் இடித்து, "சூப்பர்" என்றாள். ஆசிரியை முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை மெதுவாக நடந்தார். பிறகு திரும்பி வந்து ஒன்பதாவது படத்தருகே நின்றார். பென்சிலின் பின்பக்கத்தால் அதைத் தொட்டார். அடுத்ததைத் தொட்டார். அதற்கடுத்ததையும் தொட்டார். கடைசிவரை அப்படித் தொட்டுக்கொண்டே போய், "உங்கப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

"இல்லையே. நல்லாத்தான் இருக்காரு."

"கை" என்றார். "இதுலேர்ந்து எல்லாத்துலயும் அங்கதான் இருக்கு."

வகுப்பே திரும்பிப் பார்த்தது. நான் சுவரைப் பார்த்தேன். முதல் எட்டுப் படங்களில் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு வந்தவற்றில் எதையோ பிடித்துக்கொண்டிருந்தார். விரல்கள் பனியனைக் கசக்கியிருந்தன. நகங்கள் வெளுத்திருப்பதைக்கூடக் காட்டியிருந்தேன். அந்த வெளுப்பு தெரிய வேண்டுமென்று சுற்றிலும் கரியை நன்றாகத் தேய்த்துக் கறுப்பாக்கியிருந்தேன். ஆசிரியை அடுத்த பையனின் படத்துக்குப் போய், காது கோணல் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் வரும்போது பெரியப்பாவின் படம்தான் கண் முன்னால் நின்றது. வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம் கேட்டேன்.

"வாயுவாம்டி. பெருங்காயம் கரைச்சுக் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எப்போலேர்ந்து?"

"அது ஆவுது கொஞ்ச நாளு." அம்மா குரலைத் தாழ்த்தினார். "லாரி லைசென்ஸ் புதுப்பிக்கணும்ல, சீக்கிரம் டாக்டர் செக்கப் வருது. அதுவரைக்கும் வெளிய வாயத் தொறக்காதன்னுருக்காரு. நீயும் சும்மா இரு."

மறுநாள் காலை, சனிக்கிழமை, பசார் சந்தைக்குப் போகும்போது காரில் நானும் அப்பாவும் மட்டும் இருந்தோம். துணிந்து கேட்டேன். "நெஞ்சு வலிக்குதாப்பா?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல."

"வாயுலா அது. நீ ஒழுங்கா படத்த வரை."

அன்று மத்தியானத்திலிருந்து அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு முதுகுதான் கிடைத்தது. நான் முதுகை வரைந்தேன். மடங்கிய வலது முழங்கை தோளுக்கு மேலே கூம்பாக நீட்டிக்கொண்டு நின்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? கை எங்கே இருக்கிறது என்று அந்த முழங்கையே காட்டிக் கொடுத்தது.

அதற்குப் பிறகு வந்த ஒரு மாதத்தைப் பற்றி எனக்குச் சொல்லப் பெருமையாக எதுவும் இல்லை. பயந்தேன். பயந்துகொண்டே வரைந்தேன். இரண்டு மணி ஆனால் வாசலில் லாரிச் சத்தம் கேட்க வேண்டும். பத்து நிமிஷம் தாமதித்தால் கையும் ஓடாது, காலும் ஓடாது. ஆலை வாசலில் வரிசை நீளமாக இருந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்கு அந்த வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடிப்பது வீட்டிலிருந்தே கேட்டது. அப்பா வந்து, சாப்பிட்டு, படுத்த பிறகு அவர் முதுகு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு மூச்சு கொஞ்சம் நின்று வந்தால் டிவியை நிறுத்துவேன். "பாத்துக்கிட்டு இருக்கேன்ல" என்று குரல் வந்தால்தான் எனக்கு உயிர் வரும். டாக்டரிடம் போங்கள் என்று கத்தியிருக்கலாம். அண்ணனுக்கு போன் போட்டிருக்கலாம். செய்யவில்லை. லைசென்ஸ் போனால் அப்பா என்ன ஆவார் என்று பயம், கேட்டால் திட்டுவார் என்று பயம். இன்னொன்றும் இருந்தது. படங்கள் நன்றாக வந்துகொண்டிருந்தன.

கண்காட்சி ஒரு சனிக்கிழமை நடந்தது. ஆசிரியை பெரிய தாளில் ஒரு படம் கேட்டிருந்தார். பழைய படங்களை வைத்து, அப்பா மல்லாந்து நெஞ்சில் கை வைத்துத் தூங்குவதை மூன்றடி அகலத்தில் வரைந்து கொடுத்திருந்தேன். வெள்ளிக்கிழமையே அதற்குக் கறுப்புச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டார்கள். அதற்குக் கீழே தேதி வரிசையில் சின்னப் படங்கள். கண்காட்சிக்கு அலங்காரப் பொறுப்பு மெர்லிமா தோழிக்கு.

அப்பா கோயிலுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். அம்மா பட்டுச் சேலை. நான் முன்னால் நடந்தேன். கல்லூரி ஹால் வாசலில் கால் வைத்ததும் எதிர்ச் சுவரில் அப்பாவைப் பார்த்தேன். கறுப்புச் சட்டம். கண் மூடிய முகம். சட்டத்தின் இரண்டு பக்கமும் தொங்கும்படி, ரோஜா வைத்துக் கட்டிய மல்லிகை மாலை. மேலே மஞ்சள் விளக்கு வெளிச்சம்.

உயிருள்ள மனிதரின் படத்துக்கு மாலை போட்டால் என்ன அர்த்தம் என்று நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் அம்மாவின் மூச்சு நின்றது கேட்டது. திரும்பிப் பார்த்தேன். தாலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "அடிப் பாவி... யாருடி இப்படிப் பண்ணது?" என்றார். சத்தமே வரவில்லை, உதடுதான் அசைந்தது. எனக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்து விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது.

தோழி ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. எல்லாம் அவள் வேலைதான். அவள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்க் குடும்பம். தீபாவளிக்கு அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது, ஹாலில் மாலை போட்ட படத்தைப் பார்த்து யார் என்று கேட்டிருக்கிறாள். எங்கள் தாத்தா என்றார்களாம். மரியாதைக்குப் போடுவது என்று இவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். எனக்குத் தெரியாமல் செய்து என்னை அசத்த வேண்டும் என்று, காலையிலேயே டவுனில் பூக்கடைக்குப் போயிருக்கிறாள். சாமிக்கா, படத்துக்கா என்று கடைக்காரர் கேட்டாராம். படத்துக்கு என்று சொன்னாளாம். அவரும் பாவம், அளவாகக் கட்டிக் கொடுத்திருக்கிறார்.

"பாக்சிக், பிடிச்சிருக்கா?" என்று மாமா முறை சொல்லி அவள் அப்பாவைக் கேட்டாள்.

அப்பா கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். பிறகு சுவரிடம் போய், எட்டி, மாலையைச் சட்டத்திலிருந்து கழற்றினார். அவளிடம் நீட்டினார். "மாலய கழுத்துல போடணும்மா. நான்தான் இங்கயே நிக்கிறேனே, எனக்கே போடு" என்று மலாயில் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்தார். அவள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே போட்டாள். சுற்றி இருந்தவர்கள் கை தட்டினார்கள். யாரோ போட்டோ எடுத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு இன்றுவரை விஷயம் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

நான் ஒருத்திதான் மிகப் பக்கத்தில் நின்றேன். குனிந்த அப்பாவின் பிடரியில் வேர்வை அரும்பியிருந்தது. ஹாலில் ஏர்கோன் குளிர் எலும்பைத் தொட்டது.

கழுத்தில் மாலையோடே அப்பா சின்னப் படங்களைப் பார்க்க ஆரம்பித்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, லாரி டயரைச் சுற்றிப் பார்ப்பது போல ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதல் சில படங்களுக்குச் சிரித்தார். ஒன்பதாவதில் சிரிப்பு நின்றது. அதற்குப் பிறகு மெதுவாக நடந்தார். முதுகுப் படங்கள் வந்தபோது, அவருடைய வலது கை தானாக நெஞ்சை நோக்கி எழும்பியது. பாதியில் நிறுத்தி, அதைச் சட்டைப் பைக்குள் விட்டு எதையோ தேடுவது போலத் துழாவினார். பையில் ஒன்றும் இல்லை. திரும்பினார். நான் பார்த்துக்கொண்டு நின்றதைப் பார்த்தார்.

சாயந்திரம் படங்களைக் கழற்றிக் கையில் கொடுத்தார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அம்மா காரைக் கோயிலுக்கு விடச் சொல்லி, அப்பா பேருக்கு அர்ச்சனை செய்தார். அந்த மாலையைக் குப்பையில் போடவும் மனமில்லாமல், வீட்டுக்குக் கொண்டுவரவும் பயந்து, வழியில் பாலத்தில் இறங்கி ஆற்றில் விட்டார். ஞாயிறு முழுக்க அழுதார். இத்தனை நாள் வாயு, பெருங்காயம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், "சாமி கிட்ட போயாச்சு, இனி டாக்டர் கிட்டயும் போயிருவோம். இல்லன்னா நான் பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்" என்று பாயில் படுத்துவிட்டார். அம்மா பகலில் படுத்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்பாவால் அதைத் தாங்க முடியவில்லை. "சரி, போவோம்லா. ரெண்டு மாத்திர குடுப்பான், வாங்கிட்டு வருவோம்" என்றார்.

திங்கட்கிழமை காலை ஜாசினில் ஒரு கிளினிக்குக்கு மூவரும் போனோம். படங்களை என் பையில் எடுத்து வைத்திருந்தேன். எதற்கு வைத்தேன் என்று எனக்கே தெரியாது என்று சொன்னால் அது பொய். தெரிந்துதான் வைத்தேன். ஆனால் எடுப்பேனா என்று தெரியாது. அம்மா அழுதுவிடுவார் என்று அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு, நானும் அப்பாவும் உள்ளே போனோம்.

டாக்டர் இளம் மலாய்ப் பெண். என்ன செய்கிறது என்று கேட்டார். "அங்கின்" என்றார் அப்பா. வாயுவுக்கு மலாயிலும் காற்று என்றுதான் சொல்வார்கள். எத்தனை நாளாக என்று கேட்டார். "ரெண்டு நாளா" என்றார் அப்பா. கொஞ்சமும் தயங்கவில்லை. இரவில் வேர்க்கிறதா? இல்லை. ஏற்றம் ஏறினால் வலிக்கிறதா? இல்லை. வீட்டில் யாருக்காவது இதயக் கோளாறு இருந்ததா? இல்லை.

டாக்டர் மாத்திரை எழுதப் பேனாவை எடுத்தார்.

பையைத் திறந்தால் அப்பாவின் லாரி போய்விடும். அப்பா அதைத் தன் உடம்பைவிட நன்றாகக் கவனித்துக்கொண்டவர். வெள்ளிக்கிழமையானால் அதற்கு ஊதுபத்தி காட்டுவார். பையைத் திறக்காவிட்டால், அந்தப் பேனா எழுதி முடித்ததும் நாங்கள் எழுந்து வெளியே போய்விடுவோம். நாளைக் காலை அவர் அந்த வரிசையில் நிற்பார். நான் படங்களை எடுத்து மேஜைமேல் வைத்தேன். "டாக்டர், இதெல்லாம் அப்பா தூங்கறப்ப நான் வரைஞ்சது. தேதி போட்டிருக்கேன்" என்றேன். பெரியப்பாவைப் பற்றியும் சொன்னேன்.

டாக்டர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். முதலில் புரியாமல் புரட்டினார். பிறகு தேதிகளைப் பார்த்து மெதுவாகப் புரட்டினார். ஒன்பதாவது தாளைத் தனியாக எடுத்து வைத்து, சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தார். "ஏழு வாரம்" என்றார். பேனாவை மூடி வைத்துவிட்டுத் தாதியைக் கூப்பிட்டார்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு மட்டும் கேட்கும்படி தமிழில், "வரையறன்னுதானே பாப்பா சொன்ன?" என்று கேட்டார்.

நான் மேஜைமேல் கிடந்த படங்களைத் தேதி வரிசையில் அடுக்கினேன்.

அன்று மத்தியானமே ஆம்புலன்சில் மலாக்கா பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இரத்தக் குழாயில் இரண்டு இடத்தில் அடைப்பு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கிருந்த டாக்டர் சொல்ல ஆரம்பித்தார். அம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அப்பா பிழைத்தார். லைசென்ஸ் பிழைக்கவில்லை. இப்போது அதே ஆலையில் வாசல் கேட்டைத் திறந்துவிடும் வேலையில் இருக்கிறார். வரிசையில் வரும் லாரிகளுக்கெல்லாம் கை காட்டி உள்ளே அனுப்புகிறார்.

நேர்முகத் தேர்வுக்கு அந்தப் படங்களைத்தான் கொண்டுபோனேன். மூன்று பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். நிறைய நேரம் பார்த்தார்கள். இடம் கிடைத்தது. சேதி சொன்னபோது அப்பா என் தலையில் கை வைத்து, "நல்லா படி" என்றார். கோபம் ஏதும் அவர் காட்டியதே இல்லை. பெட்டியைத் தூக்கிக் கொண்டு வந்து பஸ் ஏற்றிவிட்டவரும் அவர்தான். நல்ல பெண், அப்பாவைக் காப்பாற்றிய பெண் என்று சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்கிறார்.

விடுமுறைக்கு வீட்டுக்குப் போகிறேன். மத்தியானம் ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருக்கும். அப்பா பாயில் படுத்திருப்பார். நான் உள்ளே வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். தூங்குங்கப்பா என்றால், தூக்கம் வரவில்லை என்கிறார். நான் அங்கே இருக்கும்வரை கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்தே இருக்கிறார்.